மாப்பிள்ளை கொசு அல்ல

நோங் புவா கிராமம்,
காலசின் மாகாணம்.
புத்த நோன்புக் காலம் தொடங்கிய மறுவாரம்.

அன்புத் தங்கை மோனுக்கு,

அக்கா ஃபாய் எழுதுவது. அம்மா நலம், அப்பா நலம், நானும் நலம். வீட்டில் நலமில்லாதது நாய் ஒன்றுதான். தேரையைக் கடித்துவிட்டு வாயெல்லாம் நுரையோடு வந்து நின்றது. அப்பா அதன் வாயைக் கழுவிவிட்டு, இனிமேல் எதைக் கடிக்கலாம், எதைக் கடிக்கக் கூடாது என்று அரைமணி நேரம் அதற்குப் பாடம் எடுத்தார். வீட்டில் ஆசிரியை நான், ஆனால் என் பாடத்தை அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. வேறென்ன செய்யட்டும்? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல இருக்கிறாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் உன்னை நான் தூக்கி வளர்த்தவள். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவாய்.

மழை நன்றாகப் பெய்கிறது. தெற்கு வயலில் நடவு முடிந்தது. அம்மாவை வயலில் இறங்க வேண்டாம் என்று சொன்னோம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நாங்கள் வீடு திரும்புவதற்குள் இரண்டு கட்டு நாற்றை நட்டு முடித்திருந்தாள். மூங்கில் குருத்து நிறைய வந்திருக்கிறது. புளிக்க வைத்தது ஒரு ஜாடி உனக்கு அனுப்பலாம் என்றாள் அம்மா. மசக்கைக்காரிக்கு அந்த வாசனை ஆகுமா என்று நான் கேட்டேன். 'நம்ம ஊர்ப் பொண்ணுக்கு அந்த வாசனை ஆகலைன்னா அது மசக்கை இல்ல, வேற ஏதோ வியாதி' என்றாள். ஆகவே ஜாடி வருகிறது. மூடியை வீட்டுக்கு வெளியே வைத்துத் திற. ராயோங்கில் உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடப் போகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தாவ் எனக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாமல்தான். கோபித்துக்கொள்ளாதே, பாவம், அழாத குறை. 'அக்கா, எங்கம்மா என்னைக் கொசுன்னு நெனச்சுட்டாங்க' என்றார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்கள் இருவரும் கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போனீர்களாம். இரண்டு பேரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாளாம். அவர் பெரிய வீரர் மாதிரி முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். நீ கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள், பின்வாசல் வழியாக வெளியேறி, எதிர்க்கடையில் பப்பாளி சாலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாயாம். வெட்கமாக இல்லையா உனக்கு? இருபத்தொன்பது வயது.

அவருடைய முடிவு வந்தது. 'நீங்க தாலசீமியா பாஹா' என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அதை அவர் வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அங்கேதான் வினை. பாஹா என்றால் சுமப்பவர். என் ரத்த நோயால் உனக்கும் எனக்கும் அது சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். ஆனால் உன் மாமியாருக்கு அந்தச் சொல் எங்கிருந்து தெரியும்? எல்லா சுகாதார நிலையத்துச் சுவரிலும் ஒட்டியிருக்கும் படத்திலிருந்து. கொசு, டெங்குவின் பாஹா. எலி, எலிக்காய்ச்சலின் பாஹா. நடுவில் தன் மகன். அந்த அம்மாள் என்னதான் செய்வாள்? அவருக்குத் தட்டும் தம்ளரும் தனி. படுக்கை தனி. கொசுவலைக்குள் உன்னைப் படுக்கவைத்து, மாப்பிள்ளையை வலைக்கு வெளியே துரத்திவிட்டாளாம். 'நெசமான கொசு கடிக்குதுக்கா' என்று அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். என் பக்கத்தில் நின்ற அம்மாவும் சிரித்தாள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், மோன். தொழிற்சாலையில் கூட்டாளிகள் தன்னைக் கண்டால் கைதட்டிக் கொசு அடிக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

ஆகவே அடுத்த பத்தியை உன் மாமியாருக்கும் தாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. நீ படிக்க மறுத்தால் தாவிடம் கொடு, அவர் படிக்கட்டும்.

அம்மா, உங்கள் மகனிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம். அவருடைய ரத்தத்தில் இருப்பது கிருமி இல்லை, எழுத்துப் பிழை. நான் முதல் வகுப்பு ஆசிரியை என்பதால் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். நாம் தாய்லாந்து மொழியை இடைவெளி விடாமல் சேர்த்துச் சேர்த்து எழுதுகிறோம். எங்கே வெட்டிப் படிக்க வேண்டும் என்பது படிப்பவர் பொறுப்பு. போன மாதம் பலகையில் 'தாக்லோம்' என்று எழுதினேன். பாதிப் பிள்ளைகள் கண்ணைத் தொட்டார்கள், பாதிப் பிள்ளைகள் ஜன்னலைக் காட்டினார்கள். தா, க்லோம் என்று வெட்டினால் உருண்டைக் கண். தாக், லோம் என்று வெட்டினால் காற்றாட உட்கார்ந்திருப்பது. எழுத்து ஒன்றுதான், வெட்டிய இடம் வேறு. நம் உடம்புக்குள்ளும் அதே கதை. ரத்தத்துக்குச் சிவப்பைச் செய்யும் குறிப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது. உடம்பு அதிலிருந்து ஒரு நகல் எடுக்கும். ஆர்.என்.ஏ. என்று அந்த நகலுக்குப் பெயர். நகலில் வேண்டிய துண்டுகளுக்கு நடுவே வேண்டாத துண்டுகளும் இருக்கும். வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டியதை ஒட்டித்தான் உடம்பு படிக்கும். ஓர் எழுத்து மாறிவிட்டால் வெட்டும் இடம் தவறிவிடுகிறது. உங்கள் மகனிடம் அந்தக் குறிப்பு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில்தான் பிழை. இன்னொன்று சரியாக இருப்பதால் அவர் ஆரோக்கியமாக இருக்கிறார். அவரை வலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை எனக்கு விளக்கியது மாகாண மருத்துவமனையின் டாக்டரம்மா. போன வருடம் நம் வீட்டில் எல்லாருடைய ரத்தத்தையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தார்களே, நீ மட்டும் ஓவர்டைம் என்று சொல்லி வராமல் இருந்தாயே, அப்போது. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த பிழையால் வெட்டுகிற கை சில சமயம் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிவிடுகிறதாம். எல்லா நேரமும் இல்லை, அதனால் அது சாதுவான பிழை. நம் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும். அம்மாவுடையது விவகாரமானது. தூக்கி எறிய வேண்டிய துண்டுக்குள் ஓர் எழுத்து மாறி, அந்தக் குப்பையில் கொஞ்சம் நல்ல துண்டு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வாக்கியத்துக்கு நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு வாக்கியம் எப்படிப் பொருள் தரும்? இரண்டு பிழையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் உன் அக்கா.

இதைக் கேட்ட நாளிலிருந்து நம் வீட்டில் ஒரு பெரிய சண்டை முடிந்துவிட்டது, தெரியுமா? என் நோய் யார் வழியில் வந்தது என்று முப்பது வருடமாக அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொன்று என்று தெரிந்ததும் சமாதானம். இப்போது கேலிதான். சோறு குழைந்துவிட்டால் 'ஒன் எழுத்துப் பிழைடி' என்கிறார் அப்பா. 'ஒங்க பிழை மட்டும் என்ன, தங்கமா?' என்கிறாள் அம்மா.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். தவறான வெட்டு விழுகிற இடத்தை மூடி மறைத்துவிட்டால் கை சரியான இடத்தைத் தேடிப் போகுமாம். அப்படி ஒரு மருந்தை ஆய்வுக்கூடங்களில் முயன்று பார்க்கிறார்களாம். எனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். 'நீங்க மாத்திரையை ஒழுங்கா முழுங்குங்க டீச்சர், அதுக்கு நான் பொறுப்பு. மத்ததுக்கு யாரும் பொறுப்பு சொல்ல முடியாது' என்றார். ஒழுங்காகத்தான் விழுங்குகிறேன். உடம்பில் இரும்பு சேராமல் இருக்க, சாப்பாட்டுக்கு ஆட்டு ஈரல் இல்லை, ரத்தக்கட்டி இல்லை, சாப்பிட்டதும் கறுப்புத் தேநீர். பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும் இன்னும் விடவில்லை. என் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தால் உடனே ஒரு கிண்ணம் பன்றி ரத்த சூப்போடு வந்துவிடுகிறாள். வாங்கி அப்பாவுக்குக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் கன்னம் பளபளவென்று இருக்கிறது.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நாள் எனக்கு விடுமுறை மாதிரி. எங்கள் வார்டில் ஒரு பட்டாளமே இருக்கிறது. நூடுல்ஸ் கடை சாய் அண்ணன், தபால் அலுவலகத்து இரட்டைச் சகோதரிகள், நான். இந்த நோயால் நாலு பேருக்கும் ஒரே மாதிரி உயர்ந்த கன்ன எலும்பு. புதிதாக வருகிறவர்கள் எங்களை ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். கையில் குழாயோடு சீட்டாட்டம் நடக்கும். சாய் அண்ணன் தோற்றால் 'ரத்தம் பாதிதான் ஏறியிருக்கு, அதான் மூளை வேலை செய்யல' என்பார். ஏறி முடிந்ததும் தோற்றால் என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, 'ரத்தம் குடுத்தவன் முட்டாளா இருந்திருப்பான்' என்றார்.

போன தடவை ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு முதல் தடவை. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுக்க, குழந்தையைவிட அவள்தான் அதிகம் அழுதாள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இதுதான் அங்கே என் உத்தியோகம், காட்சிப் பொருள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். 'அக்கா, ஒங்களுக்கும் இதேவா?' 'இதே.' 'ஒங்களுக்கு என்ன வயசு?' 'முப்பத்தெட்டு.' 'வேலைக்குப் போறீங்களா?' 'முப்பத்தொரு குரங்குகளுக்குப் படிப்பு சொல்லித் தரேன்.' அவள் அழுகை நின்றுவிட்டது. குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் குழந்தையைப் பார்த்தாள். குழந்தைக்கு நீளமான பாவாடை போட்டு, கையில் சாக்பீஸ் கொடுத்துக் கற்பனை செய்து பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். எனக்கு அன்று ரத்தம் ஏறாமலேயே முகம் சிவந்திருந்தது.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன், மோன்.

நான் போனில் சொன்னது ஒன்றுதான், போய் ரத்தம் கொடு என்றேன். நீ கத்தினாய். 'எதுக்குக் குடுக்கணும்? ஒன்ன மாதிரி ஒண்ணு வந்துடுமோன்னு பாக்கவா? பாத்துட்டு வேணாம்னு சொல்லவா? அதை நீயே எங்கிட்ட சொல்றியா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நீ பயத்தில் ஓடவில்லை, எனக்காக ஓடியிருக்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. கிளினிக் நாற்காலியில் உட்கார்வதே எனக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்திருக்கிறாய். அடி அசடே. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதே சமயம் உன் காதைப் பிடித்துத் திருகவும் தோன்றியது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அம்மாவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சமையற்கட்டில் மூங்கில் குருத்தை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேவிட்டேன். 'அம்மா, நான் வயித்துல இருந்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?' என்று கேட்டேன். முப்பத்தெட்டு வருடமாகக் கேட்காத கேள்வி.

அம்மா யோசிக்கவே இல்லை. 'தெரிஞ்சிருந்தா ஒனக்கு அந்த ரத்த சூப்ப ஊத்தியிருக்க மாட்டேன்' என்றாள்.

எந்த சூப் என்று கேட்டேன். 'வெளுத்துப் போயிருக்கியேன்னு ஈரலும் ரத்தமும் அரைச்சு அரைச்சு ஊத்துனேனே. நீ வாயத் தொறக்க மாட்ட. மூக்கப் பிடிச்சு ஊத்துவேன். பக்கத்து வீட்டு சித்தி காலப் பிடிச்சுக்குவா. அந்த இரும்பெல்லாம் ஒன் ஈரல்ல போய் ஒக்காருதுன்னு யாரு சொன்னா எனக்கு? பேய் பிடிச்சிருக்குன்னு ஒன் மணிக்கட்டுல நூலு கட்டிக்கிட்டு அலைஞ்சேன். தெரிஞ்சிருந்தா பொறந்த வருஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன். வயிறு இப்படி வீங்கியிருக்காது. ஒரு சாணாவது ஒசரம் கூட வளந்திருப்ப' என்றாள். சொல்லிவிட்டு அடுத்த குருத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மோன், நான் கேட்டது வேறு. என்னை வேண்டாம் என்று சொல்லியிருப்பாயா என்றுதான் கேட்டேன். அம்மாவுக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே காதில் விழவில்லை. தெரிந்துகொள்வது என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான், பிள்ளையை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்வது. அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன். குருத்தின் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. ஒரு குருத்தை என் மடியில் போட்டு, 'சும்மா ஒக்காந்து அழாதே, உரிச்சுக்கிட்டே அழு' என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். தாவிடம் இருப்பது நம் அம்மாவுடைய வகைப் பிழை. உன்னிடம் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பிள்ளைக்கு இந்த நோய் வர வழியில்லை. அதிகம் போனால் தன் அப்பாவைப் போல ஒரு பிழையைச் சுமக்கும், கொசு என்று பெயர் வாங்கும், அவ்வளவுதான். ஆனால் நம் அப்பாவுடையதோ அம்மாவுடையதோ உன்னிடம் இருந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்னைப் போலவோ, என்னைவிடச் சிரமமாகவோ வரும். உன்னை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை, சிரமம் சிரமம்தான். மண்ணீரலை எடுத்த வருடத்தை நான் மறக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் என்னை மஞ்சள் கண்ணி என்று கூப்பிட்டதையும் மறக்கவில்லை. அவர்களில் ஒருத்தியின் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஆறு வயதுகூட ஆகவில்லை. அது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. வேறொன்றை வாங்கிக்கொண்டு இதைக் கொடு என்றால் யோசிப்பேன்.

உன் முடிவு வந்த பிறகு தேவைப்பட்டால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் என்ன என்பதை நீயும் தாவும் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் நான் உட்கார மாட்டேன், மாமியாரும் உட்கார வேண்டாம். நீங்கள் எதை முடிவு செய்தாலும் அது என்மேல் நீ எழுதுகிற தீர்ப்பு இல்லை. இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன், பிறகு நானே மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்டு. அதே மாதிரி, நீ தெரிந்துகொள்ளாமல் இருந்தால்தான் எனக்கு மரியாதை என்றும் நினைக்காதே. என் பெயரைச் சொல்லி உன் பிள்ளையை இருட்டில் வைக்காதே. அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கர்ப்பிணிகள் நாள் என்று தாவ் சொன்னார். போ. இடது கையைக் கொடு, உனக்கு அதில்தான் நரம்பு நன்றாகத் தெரியும். ஊசியைப் பார்க்காதே, தாவின் முகத்தைப் பார். அவர் உன்னைவிட அதிகம் பயந்திருப்பார், சிரிப்பு வந்துவிடும். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளாதே. இத்தனை வருடம் எனக்காக எல்லாரோடும் மல்லுக்கு நின்றது போதும்.

முடிவு வந்ததும் சொல். நல்ல செய்தி என்றால் மெதுவாகச் சொன்னாலும் போதும், நீங்கள் இரண்டு பேரும் முதலில் சந்தோஷப்பட்டுவிட்டு நிதானமாகச் சொல்லுங்கள். மற்றது என்றால் அந்த நிமிடமே எனக்குச் சொல்ல வேண்டும். நான் வகுப்பில் இருந்தாலும் எடுப்பேன். ஏனென்றால் அந்தப் பிள்ளையை நீங்கள் பெற்று இங்கே கொண்டுவருவதாக இருந்தால், நான் எங்கள் வார்டில் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். எந்த நர்ஸ் குத்தினால் வலிக்காது என்று எனக்குத் தெரியும். எந்த ஜன்னல் பக்கம் காற்று வரும் என்று தெரியும். நான் முதல் தடவை அங்கே போனபோது எனக்கு அங்கே யாரையும் தெரியாது. உன் பிள்ளை போகும்போது பக்கத்துக் கட்டிலில் அதன் பெரியம்மா இருப்பாள்.

நீயும், மாப்பிள்ளையும், வயிற்றில் இருப்பதும் குளிர்ச்சியாக, சுகமாக இருங்கள்.

உன் அக்கா,
ஃபாய்